யுத்தக் கைதிகளின் விடுதலை: எமது மன்றத்தின் நிலைப்பாடு

யுத்தம் ஓய்ந்த பின்னர்ச் சிறைப்பட்டோரை, நிலப்பரப்புக்கோ ராஜீய அங்கீகாரத்துக்கோ ஈடாக வைத்துப் பேரம் பேசுதல் எந்த அரசுக்கும் தகாதது என்பதும், அவர்களை வீடு சேர்ப்பது பிற விவகாரங்கள் எதனோடும் பிணைக்கப்படாத தனிக் கடமை என்பதும் எமது மன்றத்தின் உறுதியான அபிப்பிராயம். 1949-ஆம் ஆண்டின் மூன்றாம் ஜெனீவா உடன்படிக்கையின் 118-ஆம் விதியும், போர் நின்றபின் கைதிகளைத் தாமதமின்றித் திருப்பி அனுப்புமாறே பணிக்கிறது.

இவ்விதியை மீறுவதன் விளைவை 1971-ஆம் ஆண்டு யுத்தத்தின் சரித்திரம் தெளிவாகக் காட்டுகிறது. டிசம்பர் 16-இல் டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தபோது, குடிமக்களில் ஒரு பகுதியினரும் உட்பட ஏறத்தாழ 93,000 பேர் இந்தியாவின் காவலுக்கு வந்தனர். சரணாகதி இந்திய-வங்கதேசக் கூட்டுத் தலைமையிடம் நிகழ்ந்தமையால் வங்கதேசத்தின் சம்மதமின்றி அவர்களை விடுவிக்க இயலாது என்று இந்தியா கூற, வங்கதேசத்தை ஒரு நாடாகவே ஏற்காத பாகிஸ்தான் அதனோடு பேச மறுக்க, 1972 ஜூலை 2-இல் கையெழுத்தான சிம்லா ஒப்பந்தமும் இவ்விஷயத்தைப் பிற்காலப் பேச்சுக்கே விட்டுவைத்தது. பாகிஸ்தானில் சிக்கிய வங்காளிகளும், வங்கதேசத்தில் தங்கிவிட்ட, பிஹாரிகள் எனப்பட்ட உருது பேசும் மக்களும் அதே இழுபறியில் அகப்பட்டுத் தவித்தனர்.

1973 ஏப்ரலில் இந்தியாவும் வங்கதேசமும் அங்கீகாரப் பிரச்சினையை ஒதுக்கி வைத்து, மனிதாபிமானத்தை மட்டும் முன்னிறுத்தி ஒரு யோசனையைக் கூட்டாக வெளியிட்ட பிறகே வழி பிறந்தது. அதன்மேல் எழுந்த ஆகஸ்ட் 28 தில்லி ஒப்பந்தம் மூவகை மக்களின் பயணத்தையும் ஏககாலத்தில் தொடங்க வகைசெய்தது. ஆயினும் கடைசிக் கைதிகள் தாயகம் சேர்ந்தது 1974 ஏப்ரலில்தான். வங்கதேசம் யுத்தக் குற்றத்துக்காக விசாரிக்க விரும்பிய 195 பேரும், ஏப்ரல் 9-இன் முத்தரப்பு உடன்பாட்டின்படி, விசாரணையின்றியே அவர்களுடன் அனுப்பப்பட்டனர். குற்றம் சாட்டப்படாத பல்லாயிரவர் இரண்டாண்டுக்கு மேல் சிறையிருக்க, குற்றம் சாட்டப்பட்டோர் நீதிமன்றம் காணாது வீடு திரும்ப, பேரத்தால் கருணையும் நிறைவேறவில்லை, நியாயமும் நிறைவேறவில்லை.

ஆதலால் எமது மன்றம் வலியுறுத்துவன:

1. போர் நின்றவுடன் இரு தரப்பாரும் கைதிகளின் முழுப் பட்டியலைச் சர்வதேசச் செஞ்சிலுவைச் சங்கத்திடம் ஒப்படைத்தல் வேண்டும்.

2. யுத்தக் குற்றம் சாட்டப்பட்டோரைக் குற்றச்சாட்டைத் தெளிவாகக் கூறி நியாயமாக விசாரித்தல் வேண்டும். அவர்களைக் காரணம் காட்டி ஏனையோரைத் தடுத்து வைத்தலாகாது.

3. ஜனவரி 1, ஜூலை 1 ஆகிய நாட்களில் பட்டியல் பரிமாறவும், தண்டனை முடிந்து குடியுரிமை உறுதியானோரை ஒரு மாதத்துக்குள் விடுவிக்கவும் 2008 மே மாதத்தில் இசைந்த இந்தியாவும் பாகிஸ்தானும், அவ்வாக்கை மீனவர் முதலிய எளியோர் விஷயத்தில் வழுவாது காத்தல் வேண்டும்.

4. சிறைகளைப் பார்வையிட அமைந்த இரு நாட்டு ஓய்வுபெற்ற நீதிபதிகளின் குழுவை மீண்டும் இயங்கச் செய்தல் வேண்டும். 1971-இல் காணாமற்போன வீரர்களின் குடும்பத்தாருக்கு மெய்யான விடை அளித்தல் வேண்டும்.

அண்டை நாடுகளிடையே பகை எத்துணை நீடித்தாலும், சிறையிலுள்ள மனிதனை வீடு சேர்க்க அப்பகை தீரும்வரை காத்திருத்தல் அதர்மம். அரசுகள் இதனை உணர்ந்து செயற்படுமாறும், பொதுமக்கள் இக்கோரிக்கைகளைத் தத்தம் பிரதிநிதிகளிடம் எடுத்துரைக்குமாறும் வேண்டுகிறோம்.