அவர்களே, இவர்களே, ஏழு நிமிஷம்!

"பேசுறதுக்கு ஒரு கிளப்பா? அதுவும் திருவண்ணாமலையிலயா?"ன்னு ஃப்ரெண்ட் ஒருத்தன் விழுந்து விழுந்து சிரிச்சான். சிரிக்கிறதுலயும் நியாயம் இருக்கு. ரமணர் 1896-ல இந்த ஊருக்கு வந்து ரொம்ப நாள் வாயே திறக்கலை. அருணகிரிநாதருக்கு முருகன் செஞ்ச உபதேசமே 'பேச்சை விடு'ங்கறதுதான்னு பெரியவங்க சொல்லுவாங்க. மௌனத்துக்கே பேர் போன ஊர்ல, சனிக்கிழமை சாயங்காலம் ஒரு டியூஷன் சென்டர் மாடியில பதினஞ்சு பேர் கூடி உட்கார்ந்து பேசிப் பழகுறாங்க. ஒர்க் ஃப்ரம் ஹோம் புண்ணியத்துல மாசத்துல பாதி நாள் நான் ஊர்லதான் இருக்கேன். அதனால நானும் போய் உட்கார்ந்தேன்.

இது டோஸ்ட்மாஸ்டர்ஸோட கிளை இல்லீங்க. அவங்க முறையைக் கடன் வாங்கி நடத்துறாங்க, அவ்வளவுதான். டோஸ்ட்மாஸ்டர்ஸ் 1924-ல அமெரிக்காவுல, கலிஃபோர்னியாவுல சாண்டா அனாங்கற ஊர்ல, ரால்ஃப் ஸ்மெட்லிங்கறவர் ஆரம்பிச்சது. முறை ரொம்ப சிம்பிள். தயார் பண்ணிட்டு வந்த பேச்சுக்கு அஞ்சுலேர்ந்து ஏழு நிமிஷம். அஞ்சு ஆனா பச்சை அட்டை, ஆறு ஆனா மஞ்சள், ஏழு ஆனா சிவப்பு. அந்த இடத்துலயே தலைப்பு கொடுத்துப் பேசச் சொல்றது தனி. அதுக்கு ஒண்ணு, ரெண்டு நிமிஷம்தான். பேசி முடிச்சவர்கிட்ட நல்லது கெட்டதை எடுத்துச் சொல்ல ஒரு ஆள். 'ஆ', 'ஊ' எத்தனை வந்துச்சுன்னு எண்ண இன்னொரு ஆள், பேரு 'ஆ கவுண்டர்'. கவுண்டர் கொடுக்கிறவர் இல்லீங்க, கவுண்ட் பண்றவர் :-)

சரி, மேட்டருக்கு வர்றேன். அங்க ஒரு ரூல் வச்சிருக்காங்க. தமிழ்ல ஒரு வார்த்தை வந்தா அஞ்சு ரூபாய் அபராதம். மேஜை மேல உண்டியல் மாதிரி ஒரு டப்பா இருக்கு. நான் சொல்ல வந்தது இந்த டப்பாவைப் பத்திதான். அதை எடுத்துடணும்.

அவங்க சொல்ற காரணம் புரியாம இல்லை. வர்றவங்கள்ல பாதிப் பேர் சுத்துப்பட்டு காலேஜ்ல படிச்சுட்டு, ஹெச்ஆர் ரவுண்டுல அடிபட்டுத் திரும்பி வந்த பசங்க. இங்கிலீஷ் இல்லாம வேலை இல்லைங்கறது அவங்க அனுபவம். ஆனா மேஜைக்கு அந்தப் பக்கம், இண்டர்வியூ எடுக்கற இடத்துல நானும் உட்கார்ந்திருக்கேன். புரோகிராம் கச்சிதமா எழுதிடுவான். "ஏம்ப்பா இப்படி எழுதின, வேற வழி இருந்துச்சே?"ன்னு கேட்டா முழிப்பான். சரி, தமிழ்லயே சொல்லுன்னு சொன்னாலும் அதே முழிதான். எது முதல்ல, எது காரணம், எது முடிவுன்னு நாலு பேர் எதிர்ல அடுக்கிச் சொல்லச் சொல்லி அவனை யாருமே கேட்டதில்லை. பன்னண்டு வருஷ ஸ்கூல்ல வாயை மூடச் சொன்னதுதான் ஜாஸ்தி.

அன்னிக்கு ஒரு பொண்ணு எழுந்து வந்துச்சு. செங்கம் பக்கம், பிஎஸ்சி முடிச்சிருக்கு. 'மைசெல்ஃப்'ல ஆரம்பிச்சு மனப்பாடம் பண்ணினதை நாப்பது செகண்டுல ஒப்பிச்சு முடிச்சிடுச்சு. மீதி நேரம் தரையைப் பார்த்துட்டு நின்னுச்சு. கைதட்டினோம். அது இன்னும் கொடுமை. கூட்டம் முடிஞ்சு படி இறங்கும்போது அதே பொண்ணு இன்னொரு பொண்ணுகிட்ட பேசிட்டு வந்துச்சு. பௌர்ணமிக்கு அவங்கம்மா கிரிவலப் பாதையில மோர் விக்கிறாங்களாம். பதினாலு கிலோமீட்டர் சுத்துல எந்த லிங்கத்துக்கிட்ட ஜனங்களுக்குத் தாகம் எடுக்க ஆரம்பிக்குது, எத்தனை மணிக்கு மேல மோர் போகாம டீதான் போகும், மழை வந்தா உறை ஊத்தின தயிரை என்ன பண்றது... அடுக்கிட்டே வருது. காரணம் இருக்கு, கணக்கு இருக்கு, நடுவுல ஒரு ஜோக் கூட இருக்கு. 'ஆ', 'ஊ' ஒண்ணு கூட இல்லை. மாடியில யாரும் கேட்காத பேச்சு அது. கேட்டிருந்தா அஞ்சஞ்சு ரூபாயா டப்பாதான் ரொம்பியிருக்கும்.

முதல்ல இதை எழுந்து நின்னு தமிழ்ல ஏழு நிமிஷம் சொல்லட்டும். அப்புறம் அதையே இங்கிலீஷ்ல சொல்ல வைக்கலாம். அடுக்கத் தெரிஞ்சவங்களுக்கு மொழி மாத்துறது உழைப்புதான், ஆனா முடியற உழைப்பு. அடுக்கவே தெரியாம இங்கிலீஷ் மட்டும் கத்துக்கிட்டா அந்த நாப்பது செகண்டு எண்பது செகண்டு ஆகும், அவ்வளவுதான்.

இதை நடத்துற அண்ணன்கிட்ட சொன்னேன். "தமிழ்ல பேச கிளப் எதுக்கு தம்பி, டீக்கடை போதாதா?"ன்னார். போதாதுண்ணே. டீக்கடையில ஏழு நிமிஷம் குறுக்கே பேசாம யார் கேட்பாங்க? பேசி முடிச்சதும் "நடுவுல சொன்ன உதாரணம் நல்லா இருந்துச்சு, முடிவு சப்புன்னு போச்சு"ன்னு யார் சொல்லுவாங்க? அந்தப் பொண்ணு எந்த டீக்கடை பெஞ்சுல உட்கார்ந்து பேசும்? டோஸ்ட்மாஸ்டர்ஸே 1973 வரைக்கும் பொம்பளைங்களைச் சேர்த்துக்கலைங்கறது வேற கதை. சிங்கப்பூர்ல தமிழ்லயே நடக்கற டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப்பெல்லாம் இருக்கு. நாம திருவண்ணாமலையில உட்கார்ந்துக்கிட்டு தமிழுக்கு ஃபைன் போடுறோம்!

ஒரு பயம் எனக்கும் இருக்கு. தமிழ்ல பேசலாம்னு சொன்ன உடனே நம்மாளுங்க வீட்டுல பேசற தமிழை வீட்டுலயே விட்டுட்டு வந்துடுவாங்க. மைக்கைப் பிடிச்சதும் குரல் மாறும். 'மேடையிலே அமர்ந்திருக்கும்...'னு ஆரம்பிச்சு, அவர்களே, இவர்களேன்னு முடிக்கறதுக்குள்ள மஞ்சள் அட்டையே வந்துடும்.

இது ஏதோ சங்க காலத்துலேர்ந்து வர்ற வழக்கம்னு நாம நினைச்சுட்டு இருக்கோம். அப்படி இல்லைன்னு பெர்னார்ட் பேட்ங்கற அமெரிக்க ஆய்வாளர் நம்ம மேடைத்தமிழைப் பத்தி 2009-ல ஒரு புத்தகமே போட்டார். கூட்டத்தைப் பார்த்துப் பிரசங்கம் பண்றதே நமக்கு 19-ஆம் நூற்றாண்டுல வந்ததுதான். யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணை சிவன் கோயில்ல ஆறுமுக நாவலர் 1847 டிசம்பர் 31-ல செஞ்ச முதல் பிரசங்கத்தை அதுல பெரிய திருப்பமா சொல்றாங்க. பாதிரிமார்கிட்ட பார்த்த வித்தையை அவங்களுக்கு எதிராவே திருப்பினார் மனுஷன். அடுக்குமொழிச் செந்தமிழ் மேடையைப் பிடிச்சது அதுக்கும் ரொம்பப் பின்னாடி, அண்ணாதுரை, கருணாநிதி காலத்துல. அழகுதான், இல்லைன்னு சொல்லலை. ஆனா அதே காலத்துலதான் பெரியார் பேச்சுத் தமிழ்லயே மணிக்கணக்கா பேசினார். காமராஜர் நாலு வார்த்தையில முடிச்சார். காங்கேயநல்லூர்ல பிறந்த வாரியார், சின்னப் பசங்ககிட்ட கேள்வி கேட்டுக்கிட்டே புராணம் சொன்னார். இவ்வளவு ஏன், எங்க ஊர் பவா செல்லதுரை கதை சொல்றதைக் கேளுங்க. திண்ணையில உட்கார்ந்து பேசற மாதிரிதான் இருக்கும், கூட்டம் அசையாது.

அதனால என் கட்சி இதுதான். இங்கிலீஷ் இருக்கட்டும், தமிழும் வரட்டும், வாரம் மாத்தி வாரம். டப்பா போகணும். சிவப்பு அட்டை கட்டாயம் இருக்கணும், அதுவும் தமிழ் வாரத்துல ரெண்டு மடங்கு பெருசா. நம்ம மேடையில யாரையும் யாரும் 'போதும் உட்காருங்க'ன்னு சொன்னதே இல்லை. துண்டுச்சீட்டு கொடுத்தாலும் படிச்சுட்டு ஜேப்புல வச்சுக்கிட்டு பேசிட்டே இருப்பாங்க. ஏழு நிமிஷத்துல ஒருத்தரை உட்கார வைச்சாதான் எட்டாவது நிமிஷத்துல மோர் கடைக்காரம்மா பொண்ணு எழுந்து வர முடியும்.

அண்ணன் அரை மனசா சரின்னிருக்கார். ஒரு வாரம் சோதனைக்கு, அடுத்த மாசம், பௌர்ணமி இல்லாத சனிக்கிழமை. 'ஆ' எண்ணுறவருக்குத் தமிழ்ல 'வந்து', 'அதாவது', 'இல்லீங்களா' மூணையும் எண்ணச் சொல்லியாச்சு. 'அவர்களே' எண்ணுறதுக்குத் தனியா ஒரு ஆள் வேணும்னேன். "அது நீயே பண்ணிடு"ன்னுட்டார்.