டஜன் கணக்கு சரி, காலையில் வந்த பார்ட்டி யார்?

மறதிக்கு டெஸ்ட் எடுப்பதெல்லாம் ஆஸ்பத்திரிக்காரர்களின் வசூல் வேலை என்று காதர்பேட்டை பனியன் வியாபாரி ஒருவர் எழுதியிருக்கிறார். சான்றாக அவர் நிறுத்துவது தன் அப்பாவை. 78 வயதிலும் டஜன் ரேட்டைக் கால்குலேட்டர் தொடாமல் பீஸ் ரேட்டாக்கிச் சொல்கிறாராம். சொன்னதையே திரும்பச் சொல்வதும், போன வாரம் அனுப்பிய சரக்குக்கு மறுபடி பில் போடச் சொல்வதும் வயதானால் சகஜமாம். அதனால் டெஸ்ட் வேண்டாம். அல்சைமராகவே இருந்தாலும் அதற்கு மருந்து இல்லை. அதனால் அப்போதும் டெஸ்ட் வேண்டாம். விடையை முதலில் எழுதிவைத்துவிட்டுப் போட்ட கணக்கு.

அப்பாவின் மனக்கணக்கு ஐம்பது வருஷம் கல்லாவில் உட்கார்ந்து ஊறிய பழக்கம். அதைத் தொட அல்சைமருக்கு நாளாகும். அது பெரும்பாலும் முதலில் கைவைப்பது ஹிப்போகேம்பஸில், அதாவது புதுச் செய்திகள் பதிவாக உதவும் இடத்தில். முப்பது வருஷத்துக்கு முந்தைய நூல் விலை நாக்கு நுனியில் நிற்கும். காலையில் வந்துபோன பார்ட்டி யார் என்பது நிற்காது. நண்பர் பெருமையாகக் காட்டிய சான்று எதையும் நிரூபிக்கவில்லை. சகஜம் என்று ஒதுக்கினாரே அந்த இரட்டை பில், நரம்பியல் டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்பது அதைத்தான்.

1975இல் வந்த எம்.எம்.எஸ்.இ. என்ற 30 மதிப்பெண் தேர்வில், நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொல்வார்கள். காதர்பேட்டைப் பெரியவர் டாக்டர் கேட்டு முடிப்பதற்குள் கழித்துவிடுவார். அவர் தடுமாறக்கூடிய இடம் வேறு: மூன்று சொற்களைச் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பக் கேட்பார்களே, அங்கே. மாறாக, பள்ளிக்கூடம் போகாமல் செக்கிங் டேபிளில் காலம் தள்ளிய அம்மா ஒருவர், நோயே இல்லாமலும், வேறு தேர்வுகளில் கேட்கும் கடிகாரத்தை வரையத் திணறலாம். இதெல்லாம் வெள்ளைக்காரனுக்குச் செய்த டெஸ்ட் என்று நண்பர் கேலி செய்வதில் அந்த அளவுக்கு நியாயம் உண்டு. ஆனால் அந்தக் குறை டாக்டர்களுக்குத் தெரியாததல்ல. 2005இல் வந்த மோகா தேர்வு, குறைவாகப் படித்தவர்களுக்கு ஒரு மதிப்பெண் கூட்டித் தருகிறது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கென்றே ஹரியானாவின் பல்லப்கரில் இந்தித் தேர்வு ஒன்றை உருவாக்கினார்கள். சென்னையிலும் வேலூர்க் கிராமங்களிலும் ஆய்வு செய்த 10/66 என்ற மறதிநோய் ஆய்வுக் குழு, முதியவரைச் சோதித்ததோடு நிற்காமல், அவரை நன்றாக அறிந்த ஒருவரையும் உட்காரவைத்து விசாரித்தது.

அடுத்து, மருந்தே இல்லாத நோய்க்கு டெஸ்ட் எதற்கு என்ற கேள்வி. அது அல்சைமர்தான் என்று டெஸ்ட் எடுக்காமலேயே நண்பருக்கு யார் சொன்னது? முதல் சுற்றுப் பரிசோதனைகள் தேடுவதே மற்றக் காரணங்களைத்தான். பி12 குறைந்தாலும் தைராய்டு மந்தமானாலும் நினைவு மங்கும். சாதாரண ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். மனச்சோர்வு மறதிபோல வேஷம் போடும். காது கேட்காதவர் கேட்காததை மறந்ததாக வீட்டில் நினைத்துக்கொள்வார்கள். சில தூக்க மாத்திரைகளும் அலர்ஜி மாத்திரைகளும் வயதானவர்களின் புத்தியைக் குழப்பும். டி.வி.எஸ். வண்டியிலிருந்து சறுக்கி விழுந்து தலையில் லேசாக அடி, அப்போது ஒன்றுமில்லை. சில வாரங்கள் கழித்துப் பேச்சு மந்தம், மறதி, நடையில் தள்ளாட்டம். மூளையுறைக்கடியில் ரத்தம் மெல்லக் கசிந்து தேங்கியிருக்கலாம். சி.டி. ஸ்கேனில் தெரியும், அறுவை சிகிச்சையில் எடுத்துவிடலாம். எடுக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. என்ன டேமேஜ் என்று பார்க்காமல் ஒரு லாட்டை செகண்ட்ஸில் தள்ள இந்த வியாபாரி ஒப்புவாரா? அப்பாவைத் தள்ளிவிட்டார்.

அல்சைமரேதான் என்றாலும் ‘மருந்தே இல்லை’ என்பது பழைய பல்லவி. குணப்படுத்தும் மருந்து இல்லை, உண்மை. டோனெபெசில் சிலருக்குக் கொஞ்ச காலம் கைகொடுக்கும். 2023 ஜூலையில் அமெரிக்கா முழு அனுமதி தந்த லெக்கனெமாப், 18 மாத ஆய்வில் நோயின் வேகத்தைச் சுமார் 27 சதவீதம் குறைத்தது. பெரிய பலன் என்று நான் கூவமாட்டேன். மூளையில் வீக்கமும் ரத்தக்கசிவும் வரக்கூடிய மருந்து அது. ஆனால் அதை ஆரம்ப நிலையில் மட்டுமே தருவார்கள், அதுவும் அமிலாய்டு என்ற புரதம் மூளையில் படிந்திருப்பதைப் பெட் ஸ்கேன், தண்டுவட நீர் போன்ற சோதனைகளில் உறுதிசெய்த பிறகு. அப்பா வீட்டுக்கு வழி மறக்கும்வரை காத்திருக்கும் மகனுக்கு அந்தக் கதவும் சாத்தியிருக்கும். செக்கில் யார் கையெழுத்துப் போடுவது, சொத்தை யார் பார்ப்பது என்பதை அப்பா தன் வாயாலேயே சொல்லக்கூடிய காலமும் அந்த ஆரம்ப நிலைதான்.

வசூல் வேலை என்ற புகார் ஓரிடத்தில் பொருந்தும். அமிலாய்டு படிவைக் கண்டறிய உதவும் பி-டாவ்217 ரத்தப் பரிசோதனையை அமெரிக்கா 2025 மே மாதம் அனுமதித்தது அறிகுறி உள்ளவர்களுக்கு. மறதியே இல்லாதவரிடம் அதை ‘மாஸ்டர் செக்கப்’பில் சேர்த்து யாராவது விற்க வந்தால் விரட்டுங்கள், நானும் கூட வருகிறேன். அமிலாய்டு படிந்தும் கடைசிவரை தெளிவாக வாழ்ந்து முடிப்பவர்கள் நிறைய.

நண்பரின் அப்பாவுக்கு மறதி இருக்கிறது, மகனே எழுதியிருக்கிறார். அவரை டாக்டரிடம் கூட்டிப் போகும்போது வீட்டிலுள்ள மாத்திரை அட்டைகளை எல்லாம் பையில் போட்டுக்கொள்ளட்டும். பகல் முழுக்க அவரோடு இருப்பவர் அம்மாவோ மருமகளோ, அவரும் கூடப் போகட்டும். டாக்டர் கேள்வி கேட்கையில் மகன் மட்டும் குறுக்கே விழுந்து டஜன் கணக்கை ஆரம்பிக்காமல் இருந்தால் போதும்.