களைக்கொல்லியா, களைக்கொத்தா?
(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல்)

எங்கள் ஊர் அனந்தபுரம் பக்கம் மல்லாட்டையும் நெல்லும்தான் பயிர். அம்மா களையெடுக்கப் போன கூலியில்தான் எங்கள் வீட்டில் முதல் ஆளாக நான் டிப்ளமோ படிக்கிறேன். அதனால் 'களைக்கொல்லி வேண்டாம், கையால் களையெடுங்கள்' என்று யாராவது மேடையில் பேசினால் எனக்குக் கைதட்ட வராது. நாள் முழுக்கக் குனிந்து ஒடிகிற இடுப்பு யாருடையது? மருந்து அடித்துவிட்டாலோ, அம்மாவுக்கு அன்றைக்குக் கூலியே இல்லை!

மருந்தால் எல்லாம் முடிந்துவிடுமா என்றால் அதுவும் இல்லை. மல்லாட்டைக்கு 45-ஆம் நாள் வாக்கில் ஜிப்சம் போட்டு மண் அணைக்கணும். இளகின மண்ணில் விழுது இறங்கினால்தான் காய் பிடிக்கும். மருந்து களையைக் கருக்கும், மண்ணைக் கொத்துமா? ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் களையும் பழகிவிடும். பஞ்சாப், அரியானா கோதுமை வயல்களில் ஐசோபுரோட்டுரானுக்கு ஒரு புல் அடங்காமல் போனது 1990-களிலேயே நடந்த கதை. பாராகுவாட் வயிற்றுக்குள் போனால் அதற்கு மாற்று மருந்தே கிடையாது. அதற்காகத் திடீரென்று தடை போட்டாலும் ஆகாது. 2021-ல் இலங்கை உரம், மருந்து எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்திவிட்டு, அந்த வருஷமே பின்வாங்கியது.

நெல்லுக்கு நல்ல வழி ஒன்று இருக்கு. மடகாஸ்கரில் உருவாகி இங்கே 'ராஜராஜன் 1000' என்று பேர் வாங்கிய திருந்திய நெல் சாகுபடி. 25 செ.மீ. சதுரமாக நட்டு, பத்து நாளுக்கு ஒரு தடவை கோனோவீடரைக் குறுக்கும் நெடுக்கும் தள்ளினால், கூம்பு உருளைகள் களையைச் சேற்றிலேயே அமுக்கி உரமாக்கிவிடும். ஆனால் எங்கள் பக்கம் அதைத் தள்ளியது ஆம்பிளைகள். அம்மா இரண்டு வரிசை தள்ளிப் பார்த்துத் தோளைப் பிடித்துக்கொண்டு கரையேறினார்கள். கைப்பிடி அவர்கள் நெஞ்சு மட்டத்துக்கு இருந்தது. கூலியும் ஆம்பிளைகளுக்கே போச்சு.

இதை யார் சரிசெய்வது? கைப்பிடியை ஏற்றி இறக்க நாலு துளையும் ஒரு போல்ட்டும் போதாதா? மல்லாட்டைக்குப் பழைய சைக்கிள் சக்கரத்தில் ஒரு பிளேடு மாட்டினால் வரிசைக்கு நடுவே நின்றபடியே கொத்தலாம். வெல்டிங் பிராக்டிகலில் துண்டுத் தகடுகளை ஒட்டி ஒட்டிக் குப்பையில்தானே போடுகிறோம்? கடைசி வருஷ புராஜெக்டை எத்தனை பேர் காசு கொடுத்து வாங்குகிறோம், மனசைத் தொட்டுச் சொல்லுங்கள். நம் யூனியன் இப்படி நாலு கருவி செய்து, களையெடுக்கும் பெண்கள் கையிலேயே கொடுக்கணும் என்பது என் கருத்து. கருவி அவர்களிடம் இருந்தால் கூலியும் அவர்களிடம் இருக்கும்.

கைப்பிடி உயரம் அளக்க எங்கள் தெருப் பெண்களை நான் கூட்டி வருகிறேன். டேப்பும் சாக்பீஸும் நீங்கள் கொண்டு வாருங்கள்.