முன்னணி ஆட்டக்காரனின் ஊதியம்

நயினை நாகபூஷணி அம்மனின் ஆனித் திருவிழாவுக்கெனக் கனடாவிலிருந்து வந்திருந்த என் தம்பி குடும்பத்தாருடன் குறிகட்டுவான் துறையிலே வள்ளத்துக்குக் காத்து நின்றேன். தம்பியின் மகனுக்குப் பதின்மூன்று வயது. ரொறன்ரோவிலே பனித்தரை ஹொக்கி பழகுகிறான். கைத்தொலைபேசியில் ஓர் ஆட்டத்தைக் காட்டிக்கொண்டிருந்தவன், திடீரென, "பெரியப்பா, எங்கட ஆக்களில ஆரும் பெரிய ஹொக்கி ஆட்டக்காரர் இருந்தவையோ?" என்று கேட்டான்.

பனித்தரை ஆட்டம் வேறு, நாம் அறிந்த ஹொக்கி வேறு. அங்கே சறுக்குச் சப்பாத்து, இறப்பர் வட்டு, காவலனோடு சேர்த்துப் பக்கத்துக்கு அறுவர். இங்கே பந்து, பதினொருவர். எனினும் முன்னணியில் நின்று எதிரியின் அரணைப் பிளப்பவனின் தொழில் இரண்டிலும் ஒன்றுதான். ஆகவே தன்ராஜ் பிள்ளையின் பெயரைச் சொன்னேன். பையன் கேள்விப்பட்டதில்லை. அதில் வியப்பில்லை, நம்மூர்க் கல்லூரி மாணவரிடம் கேட்டாலும் பலர் விழிப்பார்கள்.

பூனா நகரையடுத்த கட்கியிலே, 1968ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள், தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர் அவர். தந்தையார் மைதானக் காவலர். ஐந்து ஆண்மக்களைக் கொண்ட அவ்வெளிய வீட்டிலே புதிய மட்டை வாங்க வழி ஏது? பிறர் எறிந்த உடைந்த மட்டைகளை ஒட்டியும் கட்டியுமே பிள்ளைகள் ஆடினர். பின்னர் பம்பாய்க்குச் சென்று, தொழில் நிறுவனமொன்றின் குழுவில் இடம் பெற்று, 1989இல் இந்தியாவுக்காக ஆடத் தொடங்கினார். அன்று தொட்டு 2004 வரை பதினைந்தாண்டுகள்! நான்கு ஒலிம்பிக், நான்கு உலகக் கிண்ணம், நான்கு ஆசிய விளையாட்டு விழாக்கள். பந்தோடு அவர் ஓடும் வேகத்தைக் கண்டவர்கள் அதை மறந்திருக்க மாட்டார்கள். தலைமயிர் காற்றிலே பறக்க, மூன்று பேரைக் கடந்து நான்காமவனைத் தேடும் ஓட்டம் அது.

ஆயினும் ஒலிம்பிக் பதக்கம் ஒன்றேனும் அவர் கழுத்திலே விழவில்லை. 1928 முதல் 1980 வரை எட்டுத் தங்கம் கொண்ட நாடு இந்தியா. எட்டாவதை வென்ற குழுவின் தலைவர் தமிழகத்து வாசுதேவன் பாஸ்கரன். அதன்பின் 2021இல் தோக்கியோவிலே வெண்கலம் கிடைக்கும் வரை நாற்பத்தொரு ஆண்டுகள் வெறுமை. அவ்வெறுமையின் நடுவிலேயே தன்ராஜின் காலம் முழுவதும் கழிந்தது. 1976இல் மொன்றியலில் செயற்கைத் தரை வந்தபின் ஆட்டத்தின் இலக்கணமே மாறிற்று; கட்கியின் மண் தரையிலே கால் பழகியவர் அம்மாற்றத்தின் சுமையைச் சுமக்க நேர்ந்தது. 2000ஆம் ஆண்டு சிட்னியில், அரையிறுதி எட்டும் தூரத்தில் இருக்க, போலந்து கடைசி நிமிடங்களிலே ஒரு கோல் இட்டுச் சமன் செய்தது. மைதானத்திலேயே அவர் அழுதார்.

என் மனத்தை உறுத்துவது தோல்வியன்று. வெற்றிக்குப் பின் நிகழ்ந்ததுதான். 1998இல் பாங்கொக்கிலே அவருடைய தலைமையில் இந்தியா ஆசியத் தங்கத்தை வென்றது, முப்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின்னர். வென்று திரும்பிய சில வாரங்களுள் அவரும் சக வீரர் சிலரும் குழுவினின்றும் நீக்கப்பட்டனர். ஓய்வளித்தோம் என்றது நிர்வாகம். தினப்படி கேட்டதற்கான தண்டனை என்றே பலரும் பேசினர். நாட்டின் கொடியை ஏந்தியவன் தன் படியைக் கேட்டால் பேராசைக்காரனாகி விடுகிறான்! பதினோராண்டு கழித்து, 2010 ஜனவரியில், உலகக் கிண்ணத்துக்கு ஆயத்தமாகிய வீரர்கள் அதே பூனாவிலே நிலுவைப் பணம் கேட்டுப் பயிற்சிக்கு வர மறுத்தார்கள். அப்போதும் அதே பேச்சுத்தான்.

அவர் இலண்டன், லியோன், ஸ்ருட்கார்ட், மலேசியா, டாக்கா என்று அந்நியக் கழகங்களுக்கு ஆடச் சென்றதை இந்தப் பின்னணியிலேதான் நோக்க வேண்டும். விமான நிறுவன உத்தியோகம் வீட்டைக் காத்தது. ஆட்டத்துக்குரிய கூலியை அவர் கடல் கடந்தே பெற்றார்.

அதே 1998இல்தான் பஞ்சாபித் தந்தைக்குக் கனடாவிலே பிறந்த மனி மல்ஹோத்ரா என்னும் பனித்தரை முன்னணி வீரனை நியூ யோர்க் ரேஞ்சர்ஸ் கழகம் ஏழாவது தெரிவாக எடுத்துக்கொண்டது. 991 ஆட்டங்கள் ஆடினார். 2011 மார்ச்சிலே வட்டு பட்டு ஒரு கண்ணின் பார்வை பெரும்பாலும் போயிற்று. அதற்காக அவருடைய ஒப்பந்தம் முறிக்கப்படவில்லை. அக்கழகங்களும் வீரர் சங்கமும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, ஆட்டத்திற் காயமுற்றவனுக்குச் சம்பளம் உண்டு. 2025ஆம் ஆண்டின் மிகக் குறைந்த வருடச் சம்பளமே 775,000 டொலர். மல்ஹோத்ரா பின்னர் பயிற்றுநராகி, 2025இல் அபட்ஸ்போர்ட் குழுவுக்குக் கிண்ணமும் வென்று கொடுத்தார். இருவரின் திறமையை ஒப்பிட நான் முன்வரவில்லை. ஒருவருக்குச் சங்கம் இருந்தது. மற்றவருக்குப் புகழ் இருந்தது.

இந்தியாவிலே நிலை சிறிது மாறியுள்ளது. 2017க்குப் பின் நின்றுபோன தொழில்முறைத் தொடர் 2024 டிசம்பரில் மீண்டும் தொடங்கிற்று. ஏலத்திலே ஹர்மன்பிரீத் சிங் 78 இலட்சம் ரூபாய்க்கு எடுக்கப்பட்டார். நம் நிலை என்ன? யாழ்ப்பாணம் ஈன்ற தர்ஜினி சிவலிங்கம் 2018இலும் 2022இலும் ஆசிய வலைப்பந்துக் கிண்ணம் வென்ற குழுவிலே கோல் இட்டவர். 2019 லிவர்பூல் உலகக் கிண்ணத்திலே எல்லாரிலும் அதிகமாகக் கோல் இட்டவர். அவரும் கழக ஆட்டத்துக்கு அவுஸ்திரேலியாவுக்கே போக வேண்டியிருந்தது.

இதை எழுதும்போது என் குற்றமொன்றும் நினைவுக்கு வருகிறது. தீவகத்திலே ஆசிரியனாயிருந்த காலத்தில், காற்பந்தாட்டத்தில் முன்னணியில் நின்ற மாணவன் ஒருவனை அழைத்து, "தம்பி, பந்து சோறு போடாது, கணக்கைப் பார்" என்றேன். அவன் ஆட்டத்தை விட்டான். கணக்கும் அவனுக்கு வரவில்லை. அன்று நான் சொன்னது பொய்யென்று இன்றும் சொல்ல முடியாது. ஆனால் பந்து ஏன் சோறு போடவில்லை என்று ஒருவரையும் நான் கேட்டதில்லை. முழங்கால் முறிந்த பாடசாலைப் பிள்ளைக்கு வைத்தியச் செலவு யார் கொடுப்பது என்றுகூடக் கேட்டதில்லை.

வள்ளம் வந்தது. ஏறும்போது பையன், "அந்தப் பிள்ளை ஆடினதைக் காட்டுங்கோ பெரியப்பா" என்றான். நடுக்கடலில் பழைய படமொன்று அகப்பட்டது. நயினாதீவுத் துறை வரும்வரை அவன் தலை நிமிரவில்லை.