பேச்சின் நடை

எமது மாணவர் மேடையேறிப் பேசுவதைக் கேட்கும் பெற்றோரும் பழைய மாணவரும் ஒரு குறையை அடிக்கடி எடுத்துரைப்பர். “பிள்ளை நன்றாகத்தான் பேசினான்; ஆனால் என்ன பேசினான் என்பதுதான் விளங்கவில்லை” என்பதே அது. இதற்கு மாணவனைக் காரணமாக்குதல் எளிது. இருபது ஆண்டுகளாகத் தமிழ் கற்பித்துவரும் யானோ, காரணம் பெரும்பாலும் ஆசிரியராகிய எம்மிடத்தே உள்ளதென்று கருதுகின்றேன்.

முதலில் என் பிழையையே கூறுவேன். சில ஆண்டுகளின் முன் தமிழ்மொழித் தினப் பேச்சுப் போட்டிக்கு மாணவன் ஒருவனைப் பழக்கினேன். பேச்சை எழுதியவன் யானே. ஐந்து நிமிட நேரத்துக்கு எட்டு நிமிடப் பேச்சை எழுதிவிட்டு, அடுக்குமொழிகளில் ஒன்றையேனும் நீக்க மனம் வராது, நாள்தோறும் கைக்கடிகாரத்துடன் அவன்முன் நின்றேன். போட்டி நாளில் அவன் ஒரு சொல்லையும் தவறவிடவில்லை; கேட்டவர் நெஞ்சில் ஒரு சொல்லும் தங்கவுமில்லை. பரிசின்றித் திரும்பும் வழியில், “சேர், நான் எங்கே பிழை விட்டனான்?” என்று அவன் கேட்டான். பிழை என்னுடையது என்று அன்று சொல்லத் துணிவு வரவில்லை, இன்று சொல்கின்றேன்.

‘ஆறுதலாகக் கதை’ என்று அதட்டுவதால் மாத்திரம் வேகம் தணியாது. சபைக் கூச்சமும், மனனம் செய்தது மறந்துவிடுமோ என்னும் நடுக்கமுமே பிள்ளையை ஓட்டுகின்றன. ஆதலின் சொற்சுமையைக் குறைத்துப் பொருளை அவனுடையதாக்குதலே முதற் பரிகாரம். அதே மாணவனை மறுவருடம் தன் வீட்டு வெங்காயத் தோட்டத்தைப் பற்றித் தானே எழுதிப் பேசச் செய்தேன். மாரி வெள்ளத்தில் பயிர் அழுகியதைச் சொல்லுமிடத்து அவன் தானாகவே சற்று நின்றான்; சபையும் அவனோடு நின்றது.

இரண்டாவது, இலக்கணத்தை நாவிற் பழக்குதல். தொல்காப்பியர் கண்ணிமைத்தலையும் கைந்நொடித்தலையும் மாத்திரைக்கு அளவாகக் காட்டினார். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்பதை எம் மாணவர் அனைவரும் எழுதுவர். ஆயினும் விரைந்து பேசுமிடத்து நெடில் குறுகிப் ‘பாடம்’ ‘படம்’ ஆகின்றது. ‘கோடு’ ‘கொடு’ ஆகின்றது. ஆறாந் தரத்திலேயே விரல் நொடித்துச் சொற்களை உச்சரிக்கச் செய்யின், மாத்திரை பரீட்சைக்குரிய விடையாக மட்டும் நில்லாது நாவின் பழக்கமும் ஆகும்.

மூன்றாவது, நிறுத்தம். ‘செம்பொன்பதின்றொடி’ என்பது இலக்கண உரைகாரர் காட்டும் உதாரணம். ‘செம்பொன்’ என நிறுத்தினால் பத்துத் தொடி பொன். ‘செம்பு’ எனப் பிரித்தால் ஒன்பது தொடி செம்பு. நிறுத்துமிடம் தவறின் பொன்னும் செம்பாகிவிடுமன்றோ? 1847ஆம் ஆண்டின் இறுதி நாளில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிற் பிரசங்கம் தொடங்கிய ஆறுமுக நாவலரே, தமிழ் வசன நூல்களில் நிறுத்தக் குறிகளைப் பரவச் செய்தவர். அக்குறிகள் கண்ணுக்கு மட்டுமன்றி மூச்சுக்கும் உரியன. மாணவன் தன் பேச்சில் மூச்செடுக்கும் இடங்களைப் பென்சிலாற் குறித்துக்கொள்வானாக.

இவ்வாறு கூறுவதால் இழுத்து இழுத்துப் பேசுதல் நன்றென்பது கருத்தன்று. கதை சொல்லுமிடத்துச் சற்று விரையலாம். காரணம் காட்டுமிடத்து மெல்லச் செல்லவேண்டும். பெயரும் ஆண்டும் தொகையும் வருமிடத்து இன்னும் மெல்ல. திக்கிப் பேசும் பிள்ளையின் நிலையோ வேறு. ‘மூச்சை இழு’, ‘மெதுவாகச் சொல்’ என இடைமறித்தல் அவன் துன்பத்தைப் பெருக்கும். ஆசிரியர் தாம் ஆறுதலாகப் பேசி, அவன் முடிக்கும்வரை சொல்லெடுத்துக் கொடாது கேட்டிருத்தலே தக்கது.

நடுவர்களாக வரும் பழைய மாணவருக்கு ஒரு வேண்டுகோள்: விரைவைச் சரளமெனக் கொள்ளாதீர்கள். குறைவாகச் சொல்லினும் விளங்கச் சொன்னவனுக்கே புள்ளி இடுங்கள். நாளை இப்பிள்ளைகளுள் ஒருவன் வைத்தியனாகி, முதியவள் ஒருத்திக்கு மருந்துண்ணும் முறையைச் சொல்லுவான். அங்கே மணியடிப்பார் இல்லை. விளங்காவிடினும் திரும்பக் கேட்க அவள் அஞ்சுவாள். அவள் பொருட்டேனும் எம் பிள்ளைகளை நின்று பேசப் பழக்குவோமாக.