மூச்சுக்கும் கணக்கு வேண்டும்!

பஞ்சாலைக்குள் எதற்குக் கணக்கில்லை? உள்ளே வரும் பேலுக்கு எடை உண்டு. நூலுக்குக் கவுண்ட் உண்டு. தாமதித்து வரும் தொழிலாளிக்குச் சம்பளப் பிடித்தம் உண்டு. பஞ்சுத் தூசியில் நின்று அவன் இழக்கும் மூச்சுக்கு மட்டும் கணக்கில்லை!

பஞ்சுத் தூசி தரும் நோய்க்குப் பைசினோசிஸ் என்று பெயர். வார விடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாள் நெஞ்சு இறுகும், மறுநாள் தளரும். ஆண்டுகள் செல்ல, இறுக்கம் எல்லா நாளும் குடியேறிவிடும். சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலிலும் இதற்கு இடமுண்டு. ஆனால், நோய் இருப்பதை எப்படி மெய்ப்பிப்பது?

எக்ஸ்ரேயில் இந்நோய்க்கென்று தனி அடையாளம் தெரிவதில்லை. நுரையீரலின் கடைக்கோடியில் 2 மில்லிமீட்டருக்கும் குறுகிய காற்றுக் குழாய்கள் ஏராளம். அவற்றில் பல அடைபட்டாலும், மற்றவை வழியே காற்று போவதால் ஆளுக்கு உடனே தெரியாது. 1970-ல் ஜெரே மீட் என்ற அறிஞர் இப்பகுதியை 'ஓசையற்ற பகுதி' என்றே அழைத்தார். மூச்சு வாங்கத் தொடங்கும்போது சேதம் முற்றியிருக்கும்.

இதைக் காட்டிக்கொடுக்கும் கருவி ஸ்பைரோமீட்டர். மூச்சை நிறைய இழுத்து, முழு பலத்தோடு ஊத வேண்டும். ஊதிய மொத்தக் காற்றில் நூற்றுக்கு 70 பங்குகூட முதல் விநாடியில் வெளிவராவிட்டால், குழாயில் அடைப்பு என்று பொருள். வயதால் அந்த முதல் விநாடிக் காற்று ஆண்டுக்குச் சுமார் 30 மில்லிலிட்டர் குறையலாம். அதைவிட வேகமாகச் சரிந்துகொண்டே போனால்? அப்போது தூசியைக் கூண்டில் ஏற்ற வேண்டும்!

"நீ பீடி குடிப்பவன்" என்று தட்டிக்கழிப்பார்கள். பீடியும் கேடுதான், தோழர்கள் அதை விடவேண்டும். ஆனால் விடுமுறைக்குப் பின் முதல் நாள், ஷிப்டுக்கு முன் ஒருமுறையும் பின் ஒருமுறையும் ஊதச் சொல்லுங்கள். அந்தச் சில மணி நேரத்தில் மூச்சு குறைந்தால், குறைத்தது பீடியா, புளோரூமா?

அமெரிக்காவில் 1978-ல் வந்த பஞ்சுத் தூசி விதி, வேலையில் சேரும்போதும் ஆண்டுதோறும் இச்சோதனையைக் கட்டாயமாக்கியது. செலவையும் பயனையும் தராசில் நிறுக்க வேண்டும் என்று ஆலை முதலாளிகள் வழக்காடினர். 1981-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்கவில்லை. அங்கே முடிந்தது இங்கே முடியாதா?

நாம் கேட்பவை மூன்று. சேரும் நாளில் ஒரு சோதனை. ஆண்டுதோறும் ஒரு சோதனை. முடிவுத் தாள் தொழிலாளியின் கையில். மூச்சு குறைந்தவனை வீட்டுக்கு அனுப்புவதற்கு அல்ல, தூசி குறைந்த பிரிவுக்கு மாற்றவும், தூசியை உறிஞ்சும் இயந்திரத்தை ஒழுங்காக ஓடச் செய்யவுமே இந்தத் தாள் பயன்பட வேண்டும்.

தோழர்களே! கூலி உயர்வுக் கோரிக்கையோடு இதையும் சேர்த்து எழுதுங்கள். இழந்த கூலியைப் போராடித் திரும்பப் பெறலாம். இழந்த மூச்சை எந்தப் போராட்டம் மீட்டுத் தரும்?