எதற்கெடுத்தாலும் ‘அதிரடி’



2004 அக்டோபரில் சிறப்பு அதிரடிப்படை சந்தனக் கடத்தல்காரர் வீரப்பனைச் சுட்டுக் கொன்றபோது நாளிதழ்கள் ‘அதிரடி’ என்று எழுதியதில் பொருள் இருந்தது. கிரிக்கெட்டில் சேவாக் முதல் பந்தையே பவுண்டரிக்கு விரட்டியபோது அதுவும் அதிரடிதான். ஆனால் தங்கம் சவரனுக்கு 80 ரூபாய் இறங்கினாலும் ‘அதிரடி சரிவு’, தாசில்தாரை மாற்றினாலும் ‘அதிரடி மாற்றம்’ என்றால் எப்படி? தேதியை முன்கூட்டியே அறிவித்துவிட்டுக் கூடும் ரிசர்வ் வங்கிக் குழு, 2025 பிப்ரவரியில் ரெப்போ வட்டியைக் கால் சதவீதம் குறைத்தது. பலரும் எதிர்பார்த்த அந்த முடிவில் ஏது அதிரடி? விலை எவ்வளவு இறங்கியது, அதிகாரியை ஏன் மாற்றினார்கள் என்பதைத் தலைப்பிலேயே போட்டால் இந்த அடைமொழிக்கு வேலையே இருக்காது. உதவி ஆசிரியர்கள் கொஞ்சம் கவனிக்கலாமே!

– வாசகர், தர்மபுரி